பின் ஆசனத்தில் இருப்பவர்கள்

வீதிப் பாதுகாப்பைப் பற்றி இந்நாட்டில் எழுதப்படுவனவும் பேசப்படுவனவும் பெரும்பாலும் ஒருவரை நோக்கியே அமைகின்றன. அவர் சுக்கானைப் பிடித்திருப்பவர். வேகத்தைக் குறை என்று அவருக்குச் சொல்கிறோம். குடித்துவிட்டு ஓட்டாதே என்று அவரை எச்சரிக்கிறோம். வளைவில் முந்தாதே என்று அவருக்காகவே பலகைகள் நாட்டியிருக்கிறோம். இவை யாவும் வேண்டியவையே. ஆயினும் பதுளையைச் சூழ்ந்த தோட்டங்களின் பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் நாம் நாள்தோறும் சந்திக்கும் மனிதர்களுள் சுக்கானைப் பிடித்தவர் வெகு சிலர். மற்றையோர் அனைவரும் பின்னால் இருப்பவர்கள். அவர்களுக்கென்று ஒரு வார்த்தையேனும் சொல்லப்பட்டிருக்கிறதா?

அவர்கள் யார் என்பதை வாசகர்கள் அறிவார்கள். விடிவதற்கு முன் பக்கத்துத் தோட்டத்துக்குக் கைகாசு வேலைக்காக லொறியில் நின்றபடி செல்லும் பெண்கள். உழவு இயந்திரத்தின் பெட்டியில் மண்வெட்டியும் சாப்பாட்டுப் பொதியுமாக நெருங்கி அமர்ந்திருப்போர். பஸ்ஸின் மிதிபலகையில் ஒற்றைக் காலை ஊன்றிக்கொண்டு பதுளைக்கு வரும் மாணவர். கலியாணத்துக்கும் சாவுக்கும் கதிர்காமத்துக்கும் வாடகை வானில் ஏறும் லயத்துக் குடும்பங்கள். வண்டியைத் தெரிந்தெடுத்தவர் அவர்களல்லர். நேரத்தைக் குறித்தவரும் அல்லர். வேகத்தைத் தீர்மானிப்பவரும் அல்லர். ஏறுவது ஒன்றே அவர்களுடைய செயல். அதன்பின் நிகழ்வன யாவும் அவர்களுக்கு நிகழ்வன.

தமிழ் படித்தவர்களாகிய நமக்கு இவ்விடத்தில் பழைய தேர்கள் நினைவுக்கு வருவது இயல்பு. முல்லைப் பாடல்களில் வினை முடித்து மீளும் தலைவன் பாகனோடு பேசிக்கொண்டே வருகிறான்; விரைந்து செலுத்து என்கிறான். நற்றிணையில் உலோச்சனார் பாடிய நெய்தற் பாடல் ஒன்றில் கரை மணலில் ஓடும் நண்டுகள் சக்கரத்தில் அகப்படாதவாறு வலவன் கடிவாளத்தை ஆய்ந்து பிடித்துச் செலுத்துகிறான். நண்டுக்கும் இரங்கிய நாகரிகம் அது என்று வகுப்பில் வியந்து சொல்வது நம் வழக்கம். ஆனால் பாகனோடு பேசும் உரிமை தேருக்குரியவனிடமே இருந்தது என்பதையும் சேர்த்துச் சொல்லத்தான் வேண்டும்.

மலையகத்தில் அவ்வுரிமையின் கதை இன்னும் கடுமையானது. இங்குள்ள வீதிகளே முதலில் மனிதருக்காக வெட்டப்பட்டவையல்ல. கோப்பியும் பின்னர் தேயிலையும் மலையிலிருந்து இறங்க வேண்டியிருந்தமையால் அவை வெட்டப்பட்டன. 1924இல் புகையிரதப் பாதை பதுளையை எட்டியதும் அச்சரக்கின் பொருட்டே. மாட்டு வண்டியின் அகலத்துக்குக் கீறப்பட்ட தோட்டத்துப் பாதைகள் பலவற்றில் இன்று வானும் லொறியும் ஓடுகின்றன. அவற்றைச் செப்பனிடும் கடமை யாருடையது என்று கேட்டால், தோட்டம் சபையைக் காட்டும். சபை தோட்டத்தைக் காட்டும். 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டம் சபைகளின் பணத்தைத் தோட்டங்களுக்குள் செலவிடத் தடையாக இருந்தது. அதைத் திருத்துவதற்கு 2018 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. முப்பது வருடத்துக்கு மேலாக வரியும் வாக்கும் செலுத்திய மக்களின் பாதையில் ஒரு கூடை சல்லிக்கல் போடச் சட்டம் இடந்தரவில்லை என்றால், அந்தப் பாதையில் நடந்த விபத்துக்களுக்கெல்லாம் சாரதியின் கவனயீனமே காரணம் என்று எழுதிவிட்டுப் புத்தகத்தை மூடிவிட முடியுமா?

2021 மார்ச் 20ஆம் திகதி லுணுகலையிலிருந்து கொழும்பு நோக்கிப் புறப்பட்ட தனியார் பஸ் பசறைக்கு அண்மையில் 13ஆம் கட்டைப் பகுதியில் பள்ளத்தில் வீழ்ந்தது. ஏறத்தாழ 15 உயிர்கள் போயின. அந்த இடத்தில் மேட்டிலிருந்து சரிந்த பாறை வீதியின் ஒரு பக்கத்தை அடைத்துக்கொண்டு கிடந்தது. எதிரே ஒரு கனரக வாகனம் நின்றது. எஞ்சியிருந்த விளிம்பில் பஸ் சென்றது. அன்று மாலை தொடங்கிப் பல நாட்களாக எல்லோரும் சாரதியைப் பற்றியே பேசினார்கள். பாறையைப் பற்றிப் பேசியவர்கள் அந்த வழியில் தினமும் போய் வந்தவர்கள் மட்டுமே. அந்தப் பாறை ஒரே இரவில் வந்து உட்கார்ந்ததன்று.

2025 மே 11ஆம் திகதி அதிகாலை, கதிர்காமத்திலிருந்து குருநாகலுக்குச் சென்ற பஸ் கொத்மலை கரண்டியெல்லவில் வீழ்ந்து 20 பேருக்கு மேல் மாண்டனர். ஆசனங்களின் தொகையை மிஞ்சிய பிரயாணிகள் அதில் இருந்தனர். அதே ஆண்டு செப்டெம்பர் 4ஆம் திகதி இரவு, தங்காலை நகர சபை ஊழியர்கள் சுற்றுலா வந்து திரும்பிய பஸ் எல்ல - வெல்லவாய வீதியில் பாதுகாப்பு வேலியை உடைத்துக்கொண்டு பள்ளத்தில் பாய்ந்தது; மாண்டோர் 15க்குக் குறையாதோர். முன்னதில் பெரும்பாலும் யாத்திரிகர், பின்னதில் சபை ஊழியர். எல்லோரும் உழைத்து வாழ்பவர்கள். எல்லோரும் பின்னால் இருந்தவர்கள்.

இறக்கத்தில் ஒரு வண்டிக்கு என்ன நேர்கிறது என்பதை நம் மாணவர்களுக்குக் கணக்காகப் போட்டுக் காட்டியிருக்கிறோம். விஞ்ஞான ஆசிரியரின் துணையோடுதான். எல்ல ஏறத்தாழ 1,000 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து வெல்லவாயவுக்கு 800 மீற்றருக்கு மேல் இறங்க வேண்டும். ஆட்களோடு 10 தொன் எடையுள்ள ஒரு பஸ் 800 மீற்றர் இறங்கும்போது இழக்கும் நிலைச்சக்தி, 250 லீற்றர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதுமானது. கலியாண வீட்டு அண்டாக்கள் இரண்டு மூன்றை மனக்கண்ணில் நிறுத்திக்கொள்ளலாம். அந்த வெப்பம் எங்கேயாவது போய்ச் சேரத்தான் வேண்டும். காற்றும் தரையும் சிறிது வாங்கிக்கொள்ளும். மிச்சத்தை வாங்குவது எஞ்சினா, பிரேக்கா என்பதுதான் கேள்வி. கியரைக் குறைத்து இறங்கினால் எஞ்சின் பெரும்பங்கை வாங்கும். உயர்ந்த கியரில் விட்டு, பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் அத்தனையும் சக்கரத்துக்குள் இருக்கும் பிரேக்குகளின் தலையில் விழும். அவை ஓரளவுக்கு மேல் சூடேறினால் பிடிப்பை இழக்கும். எண்ணெய்ப் பிரேக்கானால், ஈரம் கலந்த பழைய எண்ணெய் கொதித்துக் குமிழாகி, மிதித்த கால் தடையின்றிக் கீழே போகும். காற்றுப் பிரேக்கானால் விட்டு விட்டு மிதித்தே காற்றுத் தீர்ந்துவிடவும் கூடும்.

எந்த கியரில் ஏறினாயோ அந்த கியரிலேயே இறங்கு என்பது மலைநாட்டுச் சாரதிகள் தலைமுறையாகச் சொல்லிவரும் பாடம். டீசல் மிச்சம் பிடிப்பதற்காக கியரை விடுவித்து நியூட்ரலில் உருட்டிக்கொண்டு வருவோரும் உண்டு. அந்தச் சிக்கனத்தின் இலாபம் முதலாளியின் பைக்குப் போகிறது. நட்டம் யார் தலையில் விழும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

இவையெல்லாம் சாரதிக்குத் தெரிய வேண்டியவை, நமக்கெதற்கு என்று ஒரு மாணவன் கேட்டான். நியாயமான கேள்வி. சுக்கானைப் பிடித்தவரின் கை என்ன செய்கிறது என்பதைப் பின்னாலிருப்பவர் பார்க்க முடியாது. ஆனால் அவருக்கும் காதும் மூக்கும் இருக்கின்றன. இறக்கத்தில் எஞ்சினின் உறுமல் கேட்கிறதா, அல்லது காற்றின் ஓசை மட்டுந்தானா? கருகல் நாற்றம் வருகிறதா? வளைவுக்கு முன் ஹோர்ன் அடிக்கிறாரா? பனிமூட்டம் இறங்கிய பிறகும் அதே ஓட்டமா? அடிக்கடி முகத்தைத் தடவிக் கொட்டாவி விடுகிறாரா? இவற்றை அறிய அனுமதிப்பத்திரம் வேண்டியதில்லை. அறிந்ததைச் சொல்லத்தான் ஏதோவொன்று வேண்டியிருக்கிறது.

சில வருடங்களுக்கு முன் ஒரு சாவுச் செய்தி கேட்டு மடூல்சீமைப் பக்கத்திலிருந்து பசறை நோக்கி ஒரு வானில் இறங்கிக்கொண்டிருந்தோம். பன்னிரண்டு பேர். மழை விட்டிருந்தது, வீதியில் சருகும் சேறும். உடன்வந்தவர்களுள் ஒரு பாட்டி, முப்பது வருடத்துக்கு மேல் கொழுந்து எடுத்தவர். தம் தோட்டத்தில் சங்கத்தின் மாதர் தலைவியாக இருந்தவர். கருகல் வாடை நம் மூக்கை எட்டிய அந்தக் கணத்திலேயே அவருடைய குரல் எழுந்துவிட்டது.

“தம்பி, என்னமோ கருகுற வாட அடிக்குது. ஓரமா நிப்பாட்டுங்க.”

“ஒண்ணுமில்ல பாட்டி, பிரேக் சூடு. கீழ எறங்குனா சரியாயிரும்.”

“சூடு ஆறட்டும், அப்பறம் எறங்குவோம்.”

“நேரமாயிரும் பாட்டி. பொணத்த எடுத்துருவாங்க.”

“எடுத்தா எடுக்கட்டும். சாவுக்குப் போறவங்க சாவாவா போய்ச் சேரணும்? நிப்பாட்டுங்க தம்பி.”

சத்தம் போட்டுச் சொல்லவில்லை. மடுவத்தில் தராசு முள்ளைப் பார்த்துக்கொண்டு, இரண்டு கிலோ குறைத்து எழுதியிருக்கிறீர்கள் என்று கணக்கரிடம் சொல்லும் அதே குரல். அடுத்த வளைவு கடந்ததும் சற்று அகன்ற ஓரிடத்தில் வான் நின்றது. பின் சக்கரத்திலிருந்து மெல்லிய புகை. இளைஞன் ஒருவன் பக்கத்து ஊற்றில் வாளி நிறையத் தண்ணீர் மொண்டு வந்தான். சாரதியே ஓடிச்சென்று தடுத்தார். காய்ந்த இரும்பில் பச்சைத் தண்ணீரை ஊற்றினால் வெடித்துவிடும் என்றார். தொழில் தெரிந்தவர்தான். முக்கால் மணி நேரம் தேயிலைச் செடிகளின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தோம். அந்நேரத்தில்தான் அவர் சொன்னார்: முதல் நாள் இரவு கொழும்பிலிருந்து வந்தாராம், வந்த கையோடு இந்த வாடகை, இதை முடித்தவுடன் பண்டாரவளையில் இன்னொன்று. பிரேக்கை மாற்ற வேண்டும் என்று முதலாளியிடம் இரண்டு முறை சொல்லியாயிற்று. பாகத்தின் விலை ஏறிவிட்டது, இந்த மாதம் போகட்டும் என்று பதில் வந்ததாம்.

அந்தப் பதிலுக்கும் ஒரு வரலாறு உண்டு. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட தனியார் வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியிலேயே மீண்டும் திறந்தது. இடையில் 2022இன் பொருளாதார நெருக்கடி வந்தது. பழைய வான்கள் இன்னும் பழையனவாயின. ரூபாயின் மதிப்பு விழவிழ உதிரிப்பாகங்களின் விலை ஏறியது. ஏறிய விலையை வாடகையில் ஓரளவுக்கு மேல் சேர்க்க முடியாது; கூலிக்காரர்களே ஏறும் வண்டி அது. ஆகவே பிரேக்கில் மிச்சம் பிடிக்கப்பட்டது. டயரில் மிச்சம் பிடிக்கப்பட்டது. சாரதியின் உறக்கத்தில் எல்லாவற்றிலும் அதிகமாக மிச்சம் பிடிக்கப்பட்டது. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் கொழும்பிலிருந்து பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு வரும் வான்கள் ஏன் இரவிலேயே ஓடுகின்றன? பகலில் புறப்பட்டால் ஒரு நாட்சம்பளம் போய்விடும். சம்பளம் பறிபோகாத ஒரு விடுமுறை நாள் அப்பிள்ளைகளுக்கு இருக்குமானால், பெரகலைக்கும் அப்புத்தளைக்கும் இடையே நள்ளிரவு மூட்டத்தில் ஏறும் வண்டிகளின் தொகை தானே குறையும்.

சாரதியை மட்டும் குற்றவாளியாக்கும் பழக்கம் நம் நாட்டுக்கே உரியதன்று. அமெரிக்காவிலும் மோட்டார்க் கம்பெனிகள் நெடுங்காலம் இதையே சொல்லிவந்தன: வண்டியில் பிழையில்லை, ஓட்டுபவனில்தான் பிழை. 1965இல் ரால்ஃப் நேடர் என்ற இளம் வழக்கறிஞர் வண்டிகளின் அமைப்பிலேயே உள்ள ஆபத்துக்களை ஒரு நூலில் எடுத்து வைத்தார். ஜெனரல் மோட்டர்ஸ் கம்பெனி அவருக்குப் பின்னால் துப்பறிவோரை அனுப்பியது. அது வெளிப்பட்டபின் 1966இல் அதன் தலைவர் செனற் சபைக் குழுவின் முன் மன்னிப்புக் கேட்க நேர்ந்தது. அவ்வாண்டே வாகனப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது. மறுபுறம் சுவீடனில் வொல்வோவின் பொறியியலாளர் நில்ஸ் போலின் 1959இல் மூன்று முனைப் பட்டியை அமைத்தார். அதன் உரிமத்தைக் கம்பெனி பிறருக்கும் திறந்துவிட்டது. முதலாளித்துவ உலகில் இப்படியும் ஒன்று நடந்தது என்பதைக் குறிப்பிடாமல் விடுவது நேர்மையாகாது.

அந்தப் பட்டி முன் ஆசனத்தில் இருப்போரின் மரண அபாயத்தை ஏறத்தாழ அரைவாசியாகக் குறைக்கவல்லது. நம் நாட்டில் 2011 ஒக்டோபரில் சாரதிக்கும் அவருக்கு அருகில் இருப்பவருக்கும் அது கட்டாயமாயிற்று. பின்னால் இருப்பவர் அந்தக் கட்டளைக்குள் வரவில்லை. வாடகை வான்களின் பின் ஆசனங்களில் பட்டி இருந்தாலும் அது உறைக்கு அடியில் செருகிக் கிடக்கும். இழுத்தெடுத்தால் ஆசனம் கிழியும் என்பார்கள். மடியில் குழந்தையை இறுக அணைத்திருக்கிறோமே, போதாதா என்று தாய்மார் கேட்கிறார்கள். போதாது. மணிக்கு 50 கிலோமீற்றர் வேகத்தில் செல்லும் வண்டி ஒரு விநாடியின் பத்திலொரு பங்கில் மோதி நின்றால், 10 கிலோ எடையுள்ள குழந்தையைக் கையில் நிறுத்திவைக்க 140 கிலோவைத் தூக்கும் வலிமை வேண்டும். நிறைந்த கொழுந்துச் சாக்குகள் எத்தனையை அவர்களால் ஒருசேரத் தூக்க முடியும் என்பதை அத்தாய்மார் நம்மைவிட நன்கறிவார்கள். பட்டியணியாமல் பின்னால் இருப்பவர் மோதலின்போது முன்னாலிருப்பவர் மீதே வந்து விழுவார். பின்னாலிருப்போரைக் கைவிட்டுவிட்டு முன்னாலிருப்போர் மட்டும் தப்பிவிடலாம் என்பது பௌதிகத்திலும் நடவாத காரியம் போலும்.

சென்ற வருடம் உயர்தர வகுப்பில் பிரயாணம் என்ற பொருளில் கட்டுரை எழுதச் சொன்னோம். பலர் மலையழகையும் ஒன்பது வளைவுப் பாலத்தையும் எழுதியிருந்தார்கள். ஒரு மாணவி தன் தகப்பனாரைப் பற்றி எழுதியிருந்தாள். அவர் வாடகை வான் ஓட்டுபவர். மெதுவாகப் போங்கள் என்று யாராவது சொன்னால் அப்பாவுக்குக் கோபம் வரும் என்று அவள் எழுதியிருந்தாள். ஆனால் சொல்லாதவர்கள் மீது அவருக்கு அதைவிடக் கோபமாம். பத்து மணிக்குள் வண்டியைக் கொண்டுவந்து விடவில்லையென்றால் முதலாளி நாட்கூலியில் வெட்டுகிறார். பிரயாணிகள் மெதுவாகப் போகச் சொன்னார்கள் என்று முதலாளியிடம் சொல்ல அப்பாவுக்கு ஒரு காரணமாவது கிடைக்கும் என்று முடித்திருந்தாள். அந்தக் கட்டுரைக்கு எத்தனை புள்ளி இடுவது என்று நெடுநேரம் யோசித்தோம். எழுத்துப்பிழைகள் இருந்தன. முழுப் புள்ளிகளையும் இட்டோம்.

பின்னாலிருப்பவரின் வார்த்தை சாரதிக்கு எதிரானதன்று என்பதை அந்தப் பிள்ளையிடமிருந்தே நாம் தெளிவாகக் கற்றோம் எனலாம். அவரும் கூலிக்கு உழைப்பவர். தனியாக நின்று முதலாளியிடம் சொல்ல முடியாததைப் பன்னிரண்டு பேரின் வாய்மொழியாகச் சொல்ல முடியும். இதைத் தொழிற்சங்கம் கண்ட ஒரு சமூகத்துக்கு நாம் விளக்க வேண்டியதில்லை. ஆனால் கொழுந்தின் நிறையில் பேசக் கற்ற வாய், வண்டியில் ஏறியதும் ஏன் அடைத்துக்கொள்கிறது? காசு கொடுத்து ஏறிய வண்டியிலும் யாரோ இரங்கி ஏற்றிக்கொண்ட உணர்ச்சி நம்மவரை விட்டு இன்னும் போகவில்லை. துரையின் காருக்கு ஒதுங்கி, தலைத்துணியை அவிழ்த்துக் கானோரம் நின்ற தலைமுறை வெகு தூரத்தில் இல்லை.

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு வந்த மழையும் மண்சரிவுகளும் பதுளை மாவட்டத்தில் உயிர்களை வாரிக்கொண்டு போயின. வீதிகளும் பல இடங்களில் அறுந்தன. அதன்பின் நம் பாடசாலைக்குப் பிள்ளைகளை ஏற்றிவரும் வானும் சில நாட்கள் சுற்றுவழியாக ஓடியது. ஆசனங்கள் பதினான்கு, பிள்ளைகள் இருபத்தாறு. பெற்றோர் கூட்டத்தில் இதைப் பேச்சுக்கு எடுத்தோம். ஆசனத்துக்கு ஒரு பிள்ளையென்றால் இரண்டு தடவை ஓட வேண்டும், மாதக் கட்டணத்தை ஏற்றுவேன் என்றார் வான்காரர். அவர் சொன்ன கணக்கில் பொய்யில்லை. தகப்பன்மார் தரையைப் பார்த்தார்கள். பின்வரிசையிலிருந்த தாய் ஒருத்தி எழுந்து, முதல் தடவையில் தூரத்துப் பிள்ளைகளை மட்டும் ஏற்றினால் என்ன, கிட்டத்துப் பிள்ளைகளை நாங்கள் மாறி மாறி நடத்திக் கூட்டிவருகிறோம் என்றாள். எது தூரம், எது கிட்டம் என்பதில் வாக்குவாதம் மூண்டது. இருட்டும் வரை ஓயவில்லை. அடுத்த கூட்டத்துக்குக் கணக்குக் கொப்பியோடு வருவதாக வான்காரர் ஒப்புக்கொண்டிருக்கிறார். பிரேக் பழுது பார்த்த பற்றுச்சீட்டையும் கொண்டுவரச் சொல்லி அந்தத் தாய் கேட்டிருக்கிறாள்.